கேமராவும் கட்டளை வரியும் நியூட்டன் வளையங்களும்

— இளம் அறிவியல் (இயற்பியல்), இரண்டாம் ஆண்டு மாணவி

என் செய்முறை நோட்டில் நான் எழுதிய ஒரு பொய்யிலிருந்து இக்கட்டுரையைத் தொடங்க வேண்டியிருக்கிறது.

நியூட்டன் வளையங்கள் சோதனையை நம் கல்லூரியில் இயற்பியல் பயின்ற அனைவரும் செய்திருப்பார்கள். சோடியம் விளக்கின் மஞ்சள் ஒளி, சாய்த்து வைத்த கண்ணாடித் தகடு, அதன் அடியில் சமதளக் கண்ணாடியின்மேல் கவிழ்ந்த குவிலென்சு, மேலே நகரும் நுண்ணோக்கி. எங்கள் குழுவில் ஆறு பேர்; நுண்ணோக்கி ஒன்று. உயரமான தோழி ஒருத்தி கண்ணருகு லென்சில் கண்ணை வைத்து அளவுகளைச் சொல்லிக்கொண்டே போனாள். மற்ற ஐவரும் எழுதினோம். மூன்று மணி நேரம் முடிந்தபோது மணி அடித்துவிட்டது. என் நோட்டில் இருபது வளையங்களின் அளவுகள் இருந்தன. அலைநீளமும் 5893 ஆங்ஸ்ட்ராமுக்கு மிக அருகில் வந்தது. ஆசிரியர் கையொப்பமிட்டார். ஆனால் அந்த வளையங்களை நான் காணவே இல்லை.

அன்று மாலை அப்பா கேட்டார். அவர் ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். பிறர் நிலங்களுக்குத் தண்ணீர் கட்டும் வேலை செய்பவர்.

“இன்னிக்குக் காலேஜ்ல என்னம்மா பண்ணீங்க?”

“மைக்ராஸ்கோப்புல வளையம் பார்த்தோம்ப்பா.”

“எப்படி இருந்துச்சு?”

“வட்டமா இருந்துச்சுப்பா.”

அவர் மேலும் கேட்க விரும்பினார் என்பது எனக்குத் தெரிந்தது. என்னிடம் சொல்வதற்கு வேறொன்றும் இல்லை. எங்கள் வீட்டில் கல்லூரிக்கு வந்தவள் நான் ஒருத்திதான். நான் கண்டதைத்தான் அவர்களும் காண முடியும். நான் காணாததை வீட்டில் யாரும் காணப்போவதில்லை.

ஒரு நுண்ணோக்கியில் தெரிவதை ஒரே நேரத்தில் அனைவரும் காணச் செய்ய இயலுமா என்று அதன்பின் முயன்று பார்த்தேன். டிஜிட்டல் கேமராவின் படத்தைக் கணினிக்குள் வாங்குவதும், அதை உடனுக்குடன் பலருக்கு அனுப்புவதும் பற்றி அம்முயற்சியில் நான் கற்றவற்றை இங்கே எழுதுகிறேன். இது கணினி அறிவியல் பாடமன்று. தவறுகளோடு கற்ற ஒரு மாணவியின் குறிப்பு. என்னைவிட நன்கு அறிந்தவர்கள் திருத்திச் சொல்ல வேண்டுகிறேன்.

முதலில் ஒரு காப்பிப் பாத்திரத்தின் கதையைச் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணினி ஆய்வகத்தில் டிரோஜன் அறை என்றோர் இடம் இருந்தது. அதற்கு வெளியே வைத்திருந்த காப்பிப் பாத்திரம் ஒன்று. குடிப்பவர்களோ பலர், அவர்களுள் சிலர் வேறு தளங்களில் இருந்தவர்கள். படியிறங்கி வந்து பார்த்தால் பாத்திரம் காலியாக இருக்கும். 1991-ஆம் ஆண்டு குவென்டின் ஸ்டாஃபோர்டு ஃபிரேசர், பால் ஜார்டெட்ஸ்கி என்ற இருவர் பாத்திரத்தின் எதிரே ஒரு கேமராவை நிறுத்தி, அதன் படத்தை ஆய்வகத்தின் கணினிகளில் தெரியும்படி செய்தனர். படம் 128-க்கு 128 புள்ளிகள், கறுப்பு வெள்ளை, நிமிடத்துக்கு ஏறத்தாழ மூன்று முறை மாறும். காப்பி இருக்கிறதா இல்லையா என்று அறிய அது போதும் அன்றோ! 1993-இல் அது இணையத்தில் ஏறியது. 2001 ஆகஸ்டில் கேமராவை நிறுத்தும் வரை உலகெங்கும் உள்ளவர்கள் அந்தப் பாத்திரத்தைப் பார்த்தார்கள். உலகின் முதல் வெப் கேமரா என்று பலரும் கூறுவது இதனையே.

இக்கதை எனக்கு ஊக்கமளித்தது. அவர்களுக்கு ஒரு பாத்திரம், பல கோப்பைகள். எங்களுக்கு ஒரு நுண்ணோக்கி, பல கண்கள். தேவை என்னவோ அதற்குப் போதுமான படம் இருந்தால் போதும் என்பதையும் அக்கதையிலிருந்து எடுத்துக்கொண்டேன். பிற்பாடு இந்தப் ‘போதும்’ என்ற சொல்லே என்னைச் சங்கடத்தில் மாட்டியது. அதைப் பின்னர் சொல்கிறேன்.

எங்களிடம் இருந்த கருவிகள் இவை: என் பெரியம்மா மகளுக்கு அரசு வழங்கிய விலையில்லா மடிக்கணினி, இப்போது லினக்ஸ் ஏற்றப்பட்டது, துறை அலமாரியில் விழாக்களுக்கென வைத்திருந்த பழைய டி.எஸ்.எல்.ஆர். கேமரா ஒன்று, ஒரு யு.எஸ்.பி. கம்பி, சிறிய வைஃபை ரவுட்டர் ஒன்று. கேமராவை நுண்ணோக்கியின்மேல் பொருத்துவதற்கு ஹார்டுவேர் கடையில் வாங்கிய பி.வி.சி. குழாய்த் துண்டு. கேமராவின் லென்சைத் தொலைவான பொருளுக்குக் குவித்து, கண்ணருகு லென்சின்மேல் நேராக நிறுத்தினால் கண்ணுக்குத் தெரிவது கேமராவுக்கும் தெரியும். நிறுத்துவதுதான் கடினம். குழாய்த் துண்டின் உட்புறம் கறுப்புத் துணி சுற்றி இறுக்கிய பிறகே ஆட்டம் நின்றது. கேமராவின் எடை நுண்ணோக்கியின்மேல் இறங்காதவாறு ஆய்வக உதவியாளர் அண்ணன் ஒரு தாங்கியும் கவ்வியும் கொடுத்து உதவினார்.

இனிக் கட்டளை வரிக்கு வருவோம். சுட்டியால் அழுத்தும் படங்கள் எதுவுமின்றி, கறுப்புத் திரையில் எழுத்துகளால் கணினிக்கு ஆணையிடும் முறை அது. அழகாகப் படங்கள் உள்ள மென்பொருள்கள் இருக்கும்போது இது எதற்கு என்று தோழிகள் கேட்டனர். முதற்காரணம், மடிக்கணினி பழையது. பெரிய மென்பொருள்களை அது தாங்காது. மற்றொரு காரணத்தை வேலை செய்யச் செய்யவே உணர்ந்தேன். படத்தின் அளவு என்ன, எத்தனை படங்கள், எவ்வாறு சுருக்குவது என்பவற்றையெல்லாம் கட்டளை வரியில் நானே எழுத வேண்டியிருக்கிறது. எழுதாதவற்றுக்கும் அந்நிரல் எந்த அளவை எடுத்துக்கொண்டது என்று திரையில் சொல்லிவிடுகிறது. படத்துக்கு என்ன நேர்கிறது என்று தெரியாமல் ஓர் இயற்பியல் மாணவி அப்படத்தை நம்பலாகாது.

கட்டளைகளை அப்படியே இங்கு அச்சிடவில்லை. ஒரு கோடு விட்டுப்போனாலும், ஓர் இடைவெளி கூடினாலும் கட்டளை ஓடாது. அச்சுப்பிழைக்கு நான் பொறுப்பேற்க இயலாது! முழுக் கட்டளைகளையும் ஒரு தாளில் எழுதி ஆய்வகத்தில் இருட்டறைக் கதவின் உட்புறம் ஒட்டியிருக்கிறேன். இங்கே அவற்றின் பொருளை மட்டும் காண்போம்.

யு.எஸ்.பி. வழியாகக் கேமராவும் கணினியும் பேசிக்கொள்வதற்கு பி.டி.பி. எனப்படும் படப் பரிமாற்ற நெறிமுறை உள்ளது. அம்மொழியை அறிந்த இலவச நிரல் ஜிஃபோட்டோ2. முதற்கட்டளை, எந்தக் கேமரா இணைந்திருக்கிறது என்று கேட்பது. கேமராவின் பெயர் திரையில் வந்ததும் எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது. இரண்டாம் கட்டளை, கேமராவின் முதுகுத் திரையில் ஓடும் காட்சியைத் தொடர்ந்து தரச் சொல்வது. அதற்கு வந்த விடை ஒரு பிழைச் செய்தி: யு.எஸ்.பி. கருவியைக் கைக்கொள்ள இயலவில்லை, எண் கழித்தல் 53.

இதனோடு இரண்டு நாள் போராடினேன். கம்பியை மாற்றினேன், கேமரா பழுதோ என்று அஞ்சினேன். துறையின் பொருளைக் கெடுத்துவிட்டோமோ என்ற பயத்தில் ஓர் இரவு சரியாக உறங்கவில்லை. காரணம் மிக எளியது. கேமரா இணைந்தவுடன் லினக்ஸின் கோப்பு மேலாளர், படங்களைக் காட்டுவோமே என்று தானாகவே ஓடிவந்து அதைப் பிடித்துக்கொள்கிறது. ஒரு நேரத்தில் ஒருவர்தான் கேமராவோடு பேச முடியும். பின்னணியில் நிற்கும் அந்த உதவி நிரலை நிறுத்திவிட்டுக் கட்டளையை மீண்டும் கொடுத்தேன். உடனே படம் வந்தது. இதே தொல்லையில் சிக்குவோர் கேமராவைக் குறைகூறும் முன் இதைப் பார்க்கவும்.

படம் வந்தது என்றேன். வந்தவை உண்மையில் ஒன்றன்பின் ஒன்றாக ஜேபெக் படங்கள். எங்கள் கேமராவில் வினாடிக்கு ஏறத்தாழ இருபது. அவற்றைக் கோப்பில் சேமிக்காமல் நேராக அடுத்த நிரலுக்கு அனுப்ப வேண்டும். இங்குதான் குழாய் என்னும் அருமையான கருத்து வருகிறது. ஒரு நிரலின் வெளியீட்டை இன்னொரு நிரலின் உள்ளீடாகப் பொருத்தலாம். இடையில் ஒரு செங்குத்துக் கோடு இட்டால் போதும். 1964-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த டக்ளஸ் மெக்கில்ராய், தோட்டத்து ரப்பர் குழாய்களை ஒன்றோடொன்று திருகி இணைப்பதுபோல் நிரல்களையும் இணைக்க வழி வேண்டும் என்று ஒரு குறிப்பில் எழுதினார். 1973-இல் கென் தாம்சன் அதை யுனிக்ஸில் செய்து காட்டினார்.

தோட்டக் குழாய் என்றதும் எனக்கு அப்பாவின் வாய்க்கால்தான் நினைவுக்கு வந்தது. ஒவ்வொரு நிரலுக்கும் மூன்று வாசல்கள் உண்டு. ஒன்று உள்ளே வரும் மடை. இரண்டாவது வெளியே செல்லும் வாய்க்கால். மூன்றாவது பிழைச் செய்திகளுக்கான தனி வழி. இதை வடிகால் எனலாம். இது ஏன் தனியாக இருக்க வேண்டும் என்று முதலில் எனக்கு விளங்கவில்லை. படத்தின் பைட்டுகள் ஓடும் வாய்க்காலில் ‘பேட்டரி குறைவு’ என்ற எழுத்துகளும் கலந்துவிட்டால் அடுத்த நிரல் அவற்றையும் படம் என்று எண்ணிக் குழம்பும். பாசன நீரும் வடிநீரும் கலக்கக் கூடாது என்பதை அறியாத உழவர் உண்டோ?

ஓரிடத்தில் மட்டும் உவமை பொருந்தாது. கீழ்மடை அடைபட்டால் நீர் பெருகி வரப்பு உடையும். லினக்ஸின் குழாய் உடையாது. அது சாதாரணமாக 65,536 பைட்டுகளைத் தாங்கும். நிறைந்துவிட்டால் மேலே உள்ள நிரல் அப்படியே நின்று காத்திருக்கும். கீழே இடம் ஏற்பட்டதும் மீண்டும் ஓடும். என் மடிக்கணினி திணறியபோது படம் மெதுவானதே தவிர ஒருபோதும் சிதையவில்லை என்பதற்கு இதுவே காரணம்.

குழாயின் மறுமுனையில் உள்ளது எஃப்எஃப்எம்பெக் என்னும் நிரல். 2000-ஆம் ஆண்டு ஃபாப்ரிஸ் பெல்லார்டு என்ற பிரெஞ்சுக்காரர் தொடங்கியது. இன்று ஒளி ஒலிக் கோப்பு எதைக் கொடுத்தாலும் மாற்றித் தருகிறது. இதற்கு என்ன வேலை என்பதை ஒரு கணக்கால் விளக்குகிறேன். 640-க்கு 480 பிக்சல் உள்ள ஒரு வண்ணப் படத்தில் ஒவ்வொரு பிக்சலுக்கும் மூன்று பைட்டு வேண்டும். ஒரு படம் 9,21,600 பைட்டு. வினாடிக்கு முப்பது படம் எனில் 2,76,48,000 பைட்டு. ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 99 ஜிகாபைட்! சுருக்காமல் அனுப்புவது நடவாத காரியம். ஆனால் எங்கள் ஒளியோ சோடியம் மஞ்சள். வண்ணத்தில் அறிய வேண்டியது எதுவுமில்லை. ஆகவே எஃப்எஃப்எம்பெக்கிடம் படத்தைச் சாம்பல் நிறமாக்கச் சொன்னேன். ஒரு சொல்லில் மூன்றில் இரண்டு பங்கு குறைந்தது.

பலருக்கும் அனுப்பும் கட்டத்தில் முதல் முயற்சி எச்.எல்.எஸ். என்ற முறை. 2009-இல் ஆப்பிள் நிறுவனம் வெளியிட்டது. காட்சியைச் சிறு துண்டுகளாக வெட்டி வைத்தால் கைப்பேசிகள் ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்ளும். எத்தனை பேர் பார்த்தாலும் தாங்கும் என்பதால் பெரிய நேரலைகளுக்கு ஏற்றது. நான் இரண்டு வினாடித் துண்டுகளாக வெட்டினேன். மூன்று துண்டுகளாவது பின்தங்கியே ஓட்டம் தொடங்கும் என்பதால், திருகைத் திருப்பினால் எட்டு வினாடி கழித்துத்தான் திரையில் குறுக்குக் கம்பி நகர்ந்தது. திரையைப் பார்த்து ஐந்தாம் வளையத்தில் நிறுத்த எண்ணியவள் பன்னிரண்டாம் வளையத்தில் நின்றாள். வகுப்பே சிரித்தது. கிரிக்கெட் பார்ப்பவர்களுக்கு எட்டு வினாடி ஒரு பொருட்டன்று. திருகைப் பிடித்திருப்பவருக்கு அது பெருந்தொல்லை.

பின்னர் காப்பிப் பாத்திரத்தின் வழிக்கே திரும்பினேன். துண்டுகளும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். ஒவ்வொரு படத்தையும் தனி ஜேபெக்காக அனுப்பிக்கொண்டே இருப்பது. எஃப்எஃப்எம்பெக் ஒரே பெயருள்ள படக் கோப்பை மீண்டும் மீண்டும் புதுப்பிக்கும். அக்கோப்பை வட்டில் வைக்காமல் கணினியின் நினைவகத்தில் உள்ள கோப்பகத்தில் வைத்தேன். எம்.ஜே.பி.ஜி. ஸ்ட்ரீமர் என்ற சிறு நிரல் கோப்பு மாறும்போதெல்லாம் அதை எடுத்து, கேட்டவர்களுக்கெல்லாம் கொடுக்கும். கைப்பேசியில் தனி மென்பொருள் எதுவும் தேவையில்லை. உலாவியில் முகவரியைத் தட்டினால் போதும். தாமதம் ஒரு வினாடிக்கும் குறைவு. இடையில் படத்தின் மேற்பாதி புதிதாகவும் கீழ்ப்பாதி வெறும் சாம்பலாகவும் வந்து அச்சுறுத்தியது. எழுதி முடியாத கோப்பை அந்நிரல் எடுத்துவிட்டதே காரணம். எழுதி முடித்த பின்னரே கோப்புக்கு உரிய பெயரிடும்படி எஃப்எஃப்எம்பெக்குக்கு ஒரு விருப்பம் இருக்கிறது. அதைச் சேர்த்ததும் சரியாயிற்று.

வகுப்பில் கைப்பேசியை எடுத்தால் பறிமுதல் என்பது நம் விதி. அதற்குச் செய்முறைப் பேராசிரியர் ஐயா ஒரு மணி நேரம் விலக்கு அளித்தார். இருபத்தெட்டுப் பேர் கைப்பேசியை எடுத்து முகவரியைத் தட்டினார்கள். ஐந்தாறு பேருக்கு வந்தது; பிறகு எல்லாருக்கும் நின்றது. ஒரு படம் ஏறத்தாழ 40 கிலோபைட். வினாடிக்குப் பத்துப் படம். இருபத்தெட்டுப் பேருக்குமாகக் கணக்கிட்டால் வினாடிக்குச் சுமார் 90 மெகாபிட். எங்கள் சிறிய ரவுட்டர் அதைத் தாங்கவில்லை.

நான் அவசரத்தில் படத்தைச் சிறிதாக்கினேன். 640-க்கு 480 என்பதை 160-க்கு 120 ஆக்கினேன். மடிக்கணினியும் சூடேறிக்கொண்டிருந்ததால் சிறிதாக்கும் முறைகளுள் மிக விரைவானதைத் தேர்ந்தேன். நான்கு பிக்சலுக்கு ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, மற்றவற்றை எறிந்துவிடும் முறை அது. காப்பிப் பாத்திரத்துக்கு 128 புள்ளி போதுமானால் நமக்கு 160 போதாதா என்று எண்ணினேன். எல்லாக் கைப்பேசிகளிலும் வளையங்கள் தெளிவாகத் தெரிந்தன. கைதட்டல் எழுந்தது. என் வாழ்நாளில் எனக்காக எழுந்த முதற்கைதட்டல் அது.

பேராசிரியர் மட்டும் ஒரு மாணவியின் கைப்பேசியை வாங்கி, கண்ணாடியைக் கழற்றிவிட்டு நெடுநேரம் பார்த்தார்.

“வெளியே போகப் போக வளையம் நெருங்கணுமா, விலகணுமா?”

“நெருங்கணும் ஐயா.”

“உன் படத்துல ஓரத்துல என்ன ஆகுது, பாரும்மா.”

பார்த்தேன். மையத்திலிருந்து வெளியே செல்லச் செல்ல வளையங்கள் நெருங்கிக்கொண்டே வந்தன. பதினைந்தாம் வளையம் அளவில், இடப்புறமும் வலப்புறமும் அவை மீண்டும் விலகத் தொடங்கின. அதுமட்டுமன்று, அவை எதிர்ப்புறமாக வளைந்து, படத்துக்கு வெளியே உள்ள வேறொரு மையத்தைச் சுற்றுவனபோலத் தோன்றின. பேராசிரியர் வேறெதுவும் சொல்லவில்லை. “கணக்குப் போட்டுப் பாரு” என்று கைப்பேசியைக் கொடுத்துவிட்டுப் போனார்.

அன்றிரவு கணக்கிட்டேன். இருள் வளையத்தின் ஆரத்தின் வர்க்கம், வளையத்தின் எண், அலைநீளம், லென்சின் வளைவு ஆரம் ஆகிய மூன்றின் பெருக்கற்பலன். எங்கள் லென்சின் வளைவு ஆரம் ஏறத்தாழ 100 சென்டிமீட்டர். அதன்படி பத்தாம் வளையத்தின் ஆரம் 2.43 மில்லிமீட்டர்; இருபதாவது 3.43 மில்லிமீட்டர். வளைய எண் இரட்டிப்பானாலும் ஆரம் இரட்டிப்பாவதில்லை. அதனால்தான் வெளியே நெருக்கம். பதினைந்தாம் வளையத்தருகே இரு வளையங்களுக்கு இடைவெளி 0.1 மில்லிமீட்டர்தான். கேமராவில் தெரிந்த பரப்பின் அகலம் 8 மில்லிமீட்டர். அதை 160 பிக்சலில் அடைத்தால் ஒரு பிக்சலுக்கு 0.05 மில்லிமீட்டர். அதாவது, பதினைந்தாம் வளையத்தில் ஓர் இடைவெளிக்குச் சரியாக இரண்டு பிக்சல். அதற்கப்பால் இரண்டுக்கும் குறைவு.

கறுப்பு, வெளுப்பு என்று மாறி மாறி வரும் ஒன்றை அறிய, ஒரு சுற்றுக்கு இரண்டு மாதிரிகளுக்கு மேலாவது வேண்டும். ஹாரி நைக்விஸ்ட் 1928-இலும், கிளாடு ஷானன் 1949-இலும் எழுதிய கட்டுரைகளிலிருந்து வரும் விதி இது. அதற்குக் குறைந்தால் நுண்மை மறைந்துபோவதோடு நிற்பதில்லை. இல்லாத வேறொன்றாக உருமாறித் தோன்றுகிறது. திரைப்படத்தில் வண்டிச் சக்கரம் பின்னோக்கிச் சுழல்வதைக் கண்டிருப்பீர்கள்; அதுவும் இதே இனம். படத்தின் விளிம்பில் உண்மையான இடைவெளி 0.07 மில்லிமீட்டர். என் திரையில் அது 0.15 மில்லிமீட்டராகத் தெரிந்திருக்க வேண்டும். பொய் வளையங்களின் மையம் கணக்கின்படி நடுவிலிருந்து 5.9 மில்லிமீட்டர் தொலைவில், படத்துக்கு வெளியே இருந்தது. திரையில் கண்டதும் அவ்வாறே இருந்தது.

முதலில் வளையங்களைக் காணாமலே கண்டதாக எழுதினேன். இப்போது, இல்லாத வளையங்களை இருபத்தெட்டுப் பேருக்குக் காட்டி, கைதட்டலும் பெற்றுவிட்டேன்! இவற்றுள் எது பெரிய குற்றம் என்று அன்றிரவு எனக்கே தெரியவில்லை. திரையில் பதினைந்தாவதற்கு மேல் எண்ணியவர்கள் அனைவரும் தவறாக எண்ணியிருப்பார்கள்.

திருத்தம் எளிதாகவே அமைந்தது. படத்தைச் சிறிதாக்குவதற்குப் பதிலாகப் படங்களின் எண்ணிக்கையைக் குறைத்தேன். வளையங்கள் எங்கும் ஓடிவிடப் போவதில்லை. வினாடிக்கு நான்கு படம் போதும். 640-க்கு 480 அப்படியே இருந்தது. விளிம்பிலும் ஓர் இடைவெளிக்கு ஆறு பிக்சல் அளவில் கிடைத்தது. கைப்பேசிகளும் இருவருக்கு ஒன்று என ஆக்கினோம். சிறிதாக்கியே தீர வேண்டிய இடத்தில், அருகிலுள்ள பிக்சல்களின் சராசரியை எடுக்கும் முறையைக் கட்டளையில் கேட்டுப் பெற வேண்டும். அப்போது நெருங்கிய வளையங்கள் மங்கி வெறும் சாம்பலாகும். தெரியவில்லை என்றாவது அது ஒப்புக்கொள்கிறது. ஜேபெக்கை அளவுமீறிச் சுருக்கினாலும் முதலில் பலியாவது இதே வெளி வளையங்கள்தான். 8-க்கு 8 பிக்சல் கட்டங்களாகப் படம் உடைந்து தெரியத் தொடங்கினால் மிகைப்பட்டுவிட்டது என்று அறியலாம்.

மறுவாரம் வகுப்பின் முன் நானே என் தவற்றை விளக்கினேன். பேராசிரியர் ஒரு கட்டுப்பாடு விதித்தார். முதல் அரைமணி நேரம் கேமரா. அனைவரும் வளையங்களைப் பார்க்கலாம், மையம் எது, எங்கிருந்து எண்ணுவது, குறுக்குக் கம்பியை எங்கு தொடுவது என்று பேசிக்கொள்ளலாம். பிறகு கேமராவைக் கழற்றிவிட வேண்டும். ஒவ்வொருவரும் கண்ணருகு லென்சில் கண் வைத்து, திருகைத் தம் கையால் திருப்பி, நான்கு வளையங்களையாவது அளக்க வேண்டும். திரையிலிருந்து ஓர் அளவையும் நோட்டில் எழுதக் கூடாது. தொடக்கத்தில் இது எனக்கு வருத்தமாகவே இருந்தது. இவ்வளவு பாடுபட்டுக் கொண்டுவந்ததை அரைமணியில் கழற்றுவதா என்று தோன்றியது. ஆனால் என்ன தேடுகிறோம் என்று முன்பே தெரிந்துவிட்டதால், லென்சில் கண் வைத்தவர்கள் தடுமாறவில்லை. ஆறு பேரும் அளந்து முடித்தபோது மணி அடிக்க இன்னும் கால் மணி நேரம் இருந்தது. உயரம் குறைந்த என்னைப் போன்றவர்களுக்கு அண்ணன் ஒரு பலகை கொண்டுவந்து போட்டார். அதை முதல் நாளே கேட்டிருக்கலாம் என்பது வேறு விஷயம்.

அப்படி நான் முதன்முறை கண்ணால் கண்டபோது, திரையில் இல்லாத ஒன்று அதில் இருந்தது. மேசையில் யாரோ கை ஊன்றினார்கள். வளையங்கள் சற்றே நடுங்கி, பிறகு அமர்ந்தன. வினாடிக்கு நான்கு படத்தில் அது தெரிந்திருக்காது.

ஒரு நிமிடக் காட்சியைக் கோப்பாகப் பதிந்து என் கைப்பேசியில் வீட்டுக்குக் கொண்டுபோனேன். அப்பா கை கழுவிவிட்டு வந்து பார்த்தார். இரண்டு முறை ஓட்டச் சொன்னார்.

“இது நம்ம மோட்டார் கொட்டாய்ல டீசல் சிந்தினா தண்ணி மேல ஓடுமே, அந்த மாதிரி இருக்கே. அதுல கலர் கலரா இருக்கும். இது ஒரே கலர்.”

நான் திகைத்துப் போனேன். அது போன்றது மட்டுமன்று, அதுவேதான். நீரின்மேல் படர்ந்த மெல்லிய டீசல் ஏட்டின் இரு பக்கங்களிலிருந்தும் திரும்பும் ஒளி ஒன்றோடொன்று குறுக்கிடுகிறது. இங்கே லென்சுக்கும் கண்ணாடிக்கும் இடையிலுள்ள காற்று ஏடு. அங்கே சூரிய ஒளி என்பதால் பல வண்ணம்; இங்கே சோடியம் என்பதால் ஒன்றே வண்ணம். இதை நான் விளக்கியபோது அப்பா கவனமாகக் கேட்டார். பிறகு, “அப்ப அந்தக் காத்து எவ்வளவு தடிமன் இருக்கும்?” என்றார். அந்தக் கேள்வியை எங்கள் வகுப்பில் நாங்கள் யாரும் கேட்டதில்லை. பத்தாம் இருள் வளையத்தில் காற்றின் தடிமன் அலைநீளத்தில் ஐந்து மடங்கு; ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் மூன்று பங்கு அளவு. அவர் தலைமுடியை விரலால் தொட்டு, “இதைவிடவா?” என்று கேட்டார். இதைவிட மிகவும் மெல்லியது என்றேன்.

அடுத்து வரும் மாணவர்களுக்குச் சில சொற்கள். கேமராவின் பேட்டரி இவ்வேலையில் விரைவில் தீர்ந்துவிடும். தொடர்ந்து ஓடினால் கேமரா சூடேறும். அரைமணிக்கு மேல் ஓட்ட வேண்டாம். கேமரா தானாக உறங்கும் அமைப்பை முதலில் நிறுத்தவும். ஒளி அளவையும் குவியத்தையும் கையால் அமைக்கவும். தானியங்கி முறையில் விட்டால் மஞ்சள் ஒளியில் கேமரா முன்னும் பின்னும் தேடிக்கொண்டே இருக்கும். பி.வி.சி. துண்டு இரண்டாம் இழுப்பறையில் இருக்கிறது. கதவில் ஒட்டிய தாளில் நான்காவது வரியைச் சிவப்பு மையால் அடித்து, அருகில் வேறு வரி எழுதியிருக்கிறேன். அடித்த வரிதான் படத்தைச் சிறிதாக்கிய பழைய கட்டளை. யாரேனும் அதை ஓட்டிப் பார்த்து, பதினைந்தாம் வளையத்தில் நடப்பதைத் தாமே காண விரும்பினால் படிக்கத் தெரியும்படியே அடித்திருக்கிறேன்.